பச்சை டேக்கை அவிழ்த்தவள்

கிருஷ்ணகிரி, உன் பை எங்கே போனது என்று நீ எனக்கு இரண்டு முறை போன் பண்ணினாய். முதல் முறை பொய் சொன்னேன். இரண்டாவது முறை எடுக்கவே இல்லை. இப்போது சொல்கிறேன். பை தவறிப் போகவில்லை. அதில் தொங்கிய பச்சை டேக்கை அவிழ்த்தது நான். சிவப்பு டேக்கைக் கட்டியது நான். உன் மாத்திரை அந்தப் பைக்குள் இருந்தது. அது உன் கைக்கு வந்து சேரவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று நீ ஏரித் தண்ணீரில் விழுந்து செத்துப்போனாய்.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி என்பது அவளுக்கு வைத்த பெயர் இல்லை. ஓசூரில் நாங்கள் எட்டுப் பேர் இருந்த ஹாஸ்டல் அறையில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். மாதம் ஒருத்தி வருவாள், ஒருத்தி போவாள். ஊருக்குப் போகும் பஸ் எங்கே இறக்கிவிடுகிறதோ அதுதான் பெயர். நான் ஊத்தங்கரை. எனக்கு மேல்கட்டிலில் படுத்தவள் கிருஷ்ணகிரி. ஜன்னல் ஓரம் இருந்தவள் கெலமங்கலம். அவளுக்குப் பேச்சுக்கு நடுவில் கன்னடம் வந்துவிடும். மற்றவர்கள் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனி எங்களுடையது. ஆள் உயரப் பலகையில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று வயரை ஓட்டி, டேப் சுற்றி, கிளிப் மாட்டி அனுப்ப வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். அந்த வேலைக்கு எழுத்துத் தெரிய வேண்டாம், கலர் தெரிந்தால் போதும். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. அவளுக்குப் பத்தொன்பது.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லாருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். கருநீலம், சக்கரம் வைத்தது, முன்னால் கம்பெனி முத்திரை. அத்தனை பேருக்கும் ஒரே பை. தீபாவளிக்கு ஹாஸ்டலில் ஏற்பாடு செய்த பஸ்ஸில் அந்தப் பைகளோடு ஏறினோம். டிக்கி முழுக்கக் கருநீலமாக இருந்தது. சூளகிரிக்காரி இறங்கும்போது பர்கூர்க்காரியின் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் அவள் அம்மா திறந்து பார்த்தால் உள்ளே ஆம்பளைச் சட்டை, மேலே ஒரு வாழ்த்து அட்டை. "இது என் பையே இல்லம்மா" என்று அவள் கத்தியிருக்கிறாள். யார் நம்புவார்கள்? கார்த்திகை முடிவதற்குள் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். பர்கூர்க்காரி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்து வேலை செய்தாள். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒரு மாதம் சிரித்தோம்.

கிருஷ்ணகிரி சிரிக்கவில்லை. உட்கார்ந்து டேக் செய்ய ஆரம்பித்தாள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. தன் பையை யாராவது திறந்துவிடுவார்களோ என்ற பயம் அந்த அறையிலேயே அவளுக்குத்தான் அதிகம் இருந்தது.

வேலையை விட்டுப் போனவர்கள் குப்பையில் போட்ட ஐ.டி. கார்டு கவர்களைப் பொறுக்கி, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தாள். ஸ்வீட் பாக்ஸ் அட்டையை அளவாக வெட்டி உள்ளே செருகினாள். கீழே உல்லன் நூலில் கை அகலத்துக்குக் குஞ்சம் விட்டாள். இறங்கும் ஊருக்கு ஒரு கலர். சூளகிரி மஞ்சள், கிருஷ்ணகிரி பச்சை, பர்கூர் ஊதா, ஊத்தங்கரை சிவப்பு. பஸ் கிளீனருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவரிடம் முதல் டேக்கைக் காட்டியபோது, "பேரெல்லாம் எழுதாத கண்ணு, எனக்குப் படிக்க வராது. குஞ்சத்தக் காட்டு, கண்ண மூடிகினு எறக்கறேன்" என்றார்.

பெயரும் நம்பரும் எழுத எங்களுக்கும் பயம்தான். எவனாவது பார்த்துவிட்டுப் போன் பண்ணுவான். அதனால் அட்டையில் ஆளுக்கு ஒரு படம் வரைந்தாள். கெலமங்கலம் எங்கள் பஸ்ஸில் வருகிறவளே இல்லை, அவளும் கேட்டு ஒரு கத்தரிக்காய் வாங்கிக்கொண்டாள். என் டேக்கில் குழாய் மாதிரி எதையோ வரைந்திருந்தாள்.

"இன்னாடி இது?"

"லவுட்ஸ்பீக்கர். திருவிழால மரத்துல கட்டுவாங்களே."

"எனக்கு ஏன்டி அது?"

கெலமங்கலம் ஜன்னல் பக்கம் இருந்து சொன்னாள்: "நீ பாத்ரூம்ல பேசினா கேட்ல வாட்ச்மேன் பதில் சொல்றான் இல்ல, அதுக்குத்தான்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு வாரம் எல்லாரும் என்னை ஸ்பீக்கர், ஸ்பீக்கர் என்று கூப்பிட்டார்கள். அதுவரை அந்த அறையில் அடுத்தவளுக்குப் பட்டப்பெயர் வைக்கிறவள் நான். எனக்கு வைத்தவள் யாரும் இல்லை. உள்ளுக்குள் எரிந்தது.

அவள்மேல் எனக்கு முன்பே ஒரு இளக்காரம் உண்டு. அவள் நைட் ஷிப்ட் போக மாட்டாள். முறை வந்தால் யாரையாவது கெஞ்சி மாற்றிக்கொள்வாள். சும்மா மாற்றுவார்களா? மாற்றிக்கொண்டவளின் துணியை ஒரு வாரம் துவைத்துப் போட வேண்டும். முக்கால்வாசி நான்தான் மாற்றிக்கொடுத்தேன். என் யூனிபார்ம், போர்வை, உள்பாவாடை எல்லாம் அவள் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "காலர்ல அழுக்கு அப்படியே இருக்குது பாரு மகாராணி" என்பேன். எடுத்துக்கொண்டுபோய் மறுபடி துவைப்பாள். தூக்கம் கெட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று அவள் சொன்னதில்லை. சொல்லியிருக்க முடியாது. அதற்கும் காரணம் நான்தான்.

கார்த்திகை மாதத்தில் எங்கள் லைனில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுந்தாள். கை கால் இழுத்தது. யாரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். அன்று சாயங்காலமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அறைக்கு வந்து எல்லாரையும் உட்காரவைத்து அதை நடித்துக் காட்டினேன். தரையில் விழுந்து, கையை முறுக்கி, கண்ணை மேலே செருகி, வாயில் பேஸ்ட்டை நுரைக்க வைத்து. "சாவி குடுங்கடி, சாவி குடுங்கடி" என்று நடுவில் நானே கத்தினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கெலமங்கலம் மட்டும், "பேடா, பேடா, வேணாம்டி, நிறுத்துடி, பாவம்" என்றாள். மேல்கட்டிலில் இருந்து கிருஷ்ணகிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்து நாக்கைத் தொங்கவிட்டேன். அவளும் சிரித்தாள். எல்லாரும் சிரித்து முடித்தபிறகும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்கு முதல் நாள் என் டேக்கின் நூல் அறுந்துபோனதாகச் சொல்லி இன்னொன்று கேட்டேன். அறுந்துபோகவில்லை. அவள் வேலை முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து செய்துகொடுத்தாள். இந்த முறை கிளி வரைந்திருந்தாள்.

"போன தடவ வரைஞ்சது தப்பு. மனசுல வச்சிக்காத ஊத்தங்கரை."

"அதெல்லாம் நான் அன்னிக்கே மறந்துட்டேன்டி" என்றேன்.

மறுநாள் போகி. காலையில் ஹாஸ்டல் வாசலில் பைகளை வரிசையாக வைத்திருந்தோம். கிளீனர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் பாத்ரூம் போயிருந்தாள். என் பையைத் தள்ளி வைப்பதுபோல் குனிந்து, அவள் பையில் இருந்த பச்சையை அவிழ்த்துச் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கிளி போட்ட என் சிவப்பு டேக்கை அதில் கட்டினேன். எழுந்து நின்று தலை வாரினேன். பை என்னோடு ஊத்தங்கரைக்கு வரும், அவள் பண்டிகை அன்று மாற்றிக்கட்டத் துணி இல்லாமல் அழுவாள், எனக்குப் போன் பண்ணிக் கெஞ்சுவாள், லீவு முடிந்து அறையில் எல்லாருக்கும் முன்னால் எடுத்துக் கொடுக்கலாம். நான் நினைத்தது இவ்வளவுதான்.

கிருஷ்ணகிரியில் பஸ் நின்றது. கிளீனர் டிக்கியைத் திறந்து பச்சைக் குஞ்சம் தொங்கிய பைகளை எல்லாம் எடுத்துக் கீழே வைத்தார். ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். அவளுக்கு இல்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, என் பை?"

"பச்ச எல்லாம் எறக்கியாச்சு கண்ணு."

"இல்லண்ணா, இன்னொரு வாட்டி பாருங்கண்ணா. அதுல முக்கியமானது இருக்குண்ணா."

அவர் குனிந்து பார்த்தார். மஞ்சள் முன்பே இறங்கிவிட்டது. மிச்சம் ஊதாவும் சிவப்பும்தான். அவள் தானே டிக்கிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு பையாக இழுக்க ஆரம்பித்தாள். ஹைவேஸ் ஓரம், பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. எங்கள் டிரைவரும் அடித்தார். உள்ளே இருந்த பெண்களுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம்.

"அண்ணா, வண்டிய எடுங்கண்ணா, ஒருத்திக்காக எவ்ளோ நேரம்?"

முதலில் கத்தியது நான். அதன்பிறகு நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பஸ் கிளம்பியது. அவள் கொஞ்ச தூரம் பக்கத்திலேயே ஓடி வந்து, ஜன்னலில் என்னைப் பார்த்து, "ஊத்தங்கரை, நீ பாருடி, நீ கொஞ்சம் பாருடி" என்றாள். நான் காதில் விழாததுபோல் கையை ஆட்டி டாட்டா காட்டினேன்.

வீட்டுக்கு இரண்டு பைகளோடு போனேன். அம்மா கேட்டதற்கு, சிநேகிதியுடையது, பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றேன். உள்ளே கொண்டுபோய்த் திறந்தேன். இரண்டு சுடிதார், அவள் அம்மாவுக்கு ஒரு புடவை, அப்பாவுக்கு ஒரு துண்டு. புடவை மடிப்புக்குள் ஒரு டப்பா. அதில் இரண்டு அட்டை மாத்திரையும், நாலாக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டும். இங்கிலீஷில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அது என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன்.

எங்கள் ஹாஸ்டலில் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் நாள் தள்ளிப்போகும் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வருஷத்தில் நாலு நாள்தான் வீட்டுக்குப் போகிறோம். அப்போது தூரமாகிவிட்டால் பொங்கல் பானையைத் தொட முடியாது, சாமி கும்பிட முடியாது, மூலையில் தட்டும் டம்ளருமாக உட்கார வேண்டும். நானும்தான் சாப்பிட்டிருக்கிறேன். ஒளித்து வைத்த மாத்திரை என்றால் எங்களுக்கு அது ஒன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துணி இல்லாமல் போவதைவிட இது நல்ல தண்டனை என்று நினைத்தேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"ஊத்தங்கரை, என் பை உங்க ஊர்ல எறக்கிட்டாங்களா?"

"இல்லியே. இங்க எதுவும் வரல."

"நல்லாப் பாரும்மே. அதுல ஒன்னு இருக்குது."

"இன்னா இருக்குது? ஆம்பளச் சட்டையா?"

"விளையாடாத. மாத்திர."

"இன்னா மாத்திர?"

பின்னால் மாடு கத்தியது. நான் சிரித்தேன். "அதெல்லாம் தெரியாதா எங்களுக்கு? இந்தப் பொங்கலுக்கு மூலையில உக்காருடி மகாராணி."

"அது இல்ல..." என்றாள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, பரவால்ல. கெடைச்சா சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் சொல்லியிருக்கலாம். எனக்கு வலிப்பு வரும், அந்த மாத்திரை இல்லாமல் இருக்க முடியாது என்று. சொன்னால் நான் என்ன செய்திருப்பேன்? உண்மையைச் சொல்கிறேன். பையைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். ஆனால் லீவு முடிந்ததும் அறையில் அவளைப்போல நடித்தும் காட்டியிருப்பேன். அவளுக்கு அது தெரியும். பேஸ்ட்டு நுரையோடு என்னைப் பார்த்தவள் அவள்.

பொங்கல் அன்று மத்தியானம் மறுபடி அழைத்தாள். நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் நம்பரைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் கெலமங்கலம் போன் பண்ணினாள். அழுகையில் பாதி கன்னடம், பாதி தமிழ். மாடு கழுவ அவள் ஏரிக்குப் போயிருக்கிறாள். முழங்கால் அளவுத் தண்ணீர். தம்பி கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு கரைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் குப்புற விழுந்து கிடந்திருக்கிறாள். நீச்சல் தெரிந்தவள், அவ்வளவு தண்ணீரில் எப்படிச் செத்தாள் என்று எங்கள் ஹாஸ்டல் பெண்கள் யாருக்கும் புரியவில்லை என்றாள். எனக்கும் அப்போது புரியவில்லை. அவள் பையை எடுத்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மூன்று நாள் கழித்துப் பையைக் கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வழியில் குப்பைமேட்டில் சிவப்பு டேக்கை எறிந்துவிட்டேன். கிளீனர் தவறுதலாக எங்கள் ஊரில் இறக்கிவிட்டார் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் அம்மா பையைத் திறந்து துணியை எல்லாம் வெளியே போட்டு, டப்பாவை எடுத்தாள்.

"பன்னெண்டு வயசுலருந்து பிட்ஸ் வரும். மாத்திர போட்டா ஒன்னும் ஆவாது. ஒன்ற வருசமா வரவே இல்ல. சீட்டும் இதுலயே இருக்குது, மெடிக்கல்ல போயி இன்னான்னு கேக்கறது? ரெண்டு நாளுதானே, பண்டிக முடிஞ்சு பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னு நாங்களும் வுட்டுட்டோம்." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்தக் கிளீனர் கைல கட்ட மொளைக்க. நீயாவது எடுத்து வச்சிக் கொண்ணாந்தியே. நீ நல்லா இருப்ப."

சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன். இரண்டாவது முறை குழம்பும் வாங்கிக்கொண்டேன்.

ஹாஸ்டலில் எல்லாரும் கிளீனரைத்தான் திட்டினார்கள். அவளுடைய சித்தப்பா வீட்டு ஆட்கள் வந்து பஸ் நிற்கும் இடத்தில் அவரை அடித்தார்கள். அவர் உதட்டில் ரத்தத்தோடு, "பச்ச இல்ல சாமி, சத்தியமா அதுல பச்ச இல்ல" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். பஸ் முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கெலமங்கலம் அன்று அறைக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

"அவ உனக்குப் புதுசா ஒரு டேக் பண்ணாளே, கிளி போட்டு. எங்க அது?"

"தொலஞ்சிடுச்சு."

என் முகத்தையே பார்த்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் பேசவில்லை. கட்டிலை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டாள். மேல்கட்டிலுக்கு யாரும் வரவில்லை. நான் மாசி மாதம் வரை தாங்கினேன். அதற்குமேல் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். சுத்தியலால் ஒரு தட்டு, கொட்டை ஒரு பக்கம், புளி ஒரு பக்கம். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டேக்கை மாற்றியது, முதலில் கத்தியது, டாட்டா காட்டியது, போன். பேஸ்ட்டையும் சொன்னேன். முடிக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.

"போன்ல என் பொண்ணு கடசியா இன்னா சொன்னா?"

"சரி பரவால்ல, கெடைச்சா சொல்லுன்னு."

"அதுக்கு முன்ன நீ இன்னா சொன்ன?"

சொன்னேன்.

"கேக்கல. இன்னொருக்கா சொல்லு."

மூன்று முறை சொல்ல வைத்தாள். மூன்றாவது முறை எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ அழுவாத. அழுவறதுக்கு இங்க ஆளு இருக்குது" என்றாள். "எங்க ஆளுங்க அந்த மனுசன அடிச்சாங்களே, அப்ப நீ எங்க இருந்த?"

"அங்கதான் இருந்தேன்."

காலில் விழப் போனேன். காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். தினமும் அவளுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன் என்றேன்.

அப்போதுதான் சுத்தியலைக் கீழே வைத்தாள். "நீ வேண்டாத. உன் வாயால என் பொண்ணுக்கு ஒன்னும் வேணாம். போயி நாலு பேருகிட்ட, நீ பண்ணத ஒன்னு விடாம சொல்லு. சொல்லிட்டு அவங்கள வேண்டிக்கச் சொல்லு. கேட்டுட்டு எவன் உன்னக் காறித் துப்புறானோ அவன் வேண்டுனா சாமி கேக்கும்."

மறுநாள் ஹாஸ்டலிலும் பஸ் முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். கிளீனரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அன்றே என்னை அறையைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

நான் இப்போது எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. அவளுக்காக வேண்டுவதும் இல்லை. அவள் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். திட்டி முடித்ததும் ஒரு நிமிஷம் அவளை நினைத்து, நீங்கள் கும்பிடும் சாமி எதுவானாலும் அதனிடம், அந்தப் பெண் பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள். எனக்காக வேண்டாம்.